துர்துக்குக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

லடாக்கின் நூப்ரா பகுதியில், ஷ்யோக் ஆறு பாகிஸ்தான் பக்கம் இறங்கிப் போகும் வழியில், எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது துர்துக். லடாக்கின் முக்கிய நகரமான லேவிலிருந்து சுமார் 205 கிலோமீட்டர். சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் போட்டுத் தரும் திட்டத்தில் இந்த ஊருக்கு அநேகமாக அரை நாள்தான் கிடைக்கும். வழியில் நூப்ராவிலேயே உள்ள ஹுண்டரில் தூங்கி எழுந்து, காலையில் வண்டியேறி, மதியம் துர்துக்கில் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். அதில் பெரும்பகுதி வண்டியிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் கண்ணில் படுவது உங்களைப் போலவே வந்திறங்கிய மற்றவர்கள்தான்.

பகல் வண்டிகள் கிளம்பிய பிறகுதான் ஊர் ஊராக இருக்கும். ஆகவே இரண்டு இரவாவது அங்கே தங்க நினைப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஓர் இரவுதான் முடியும் என்றால் அதுவும் சரி. தொட்டுவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் அந்த நாளை டிஸ்கிட்டிலோ ஹுண்டரிலோ செலவழிக்கலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

1. கிளம்பும் முன் ஊரின் கதை

துர்துக் மக்கள் பால்டி இனத்தவர். பேசும் மொழி பால்டி. அது திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் பேசுபவர்கள் முஸ்லிம்கள். பெரும்பாலோர் நூர்பக்ஷியா என்ற சூஃபி வழியைப் பின்பற்றுபவர்கள். பால்டிஸ்தானின் பெரும்பகுதியும் அதன் முக்கிய நகரமான ஸ்கர்டுவும் இன்று பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் இருக்கின்றன.

1947க்கு முன் இவை எல்லாம் காஷ்மீர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தன. 1947–48 போருக்குப் பின் துர்துக் பாகிஸ்தான் வசம் போனது. 1971 டிசம்பரில், நூப்ராவையே சொந்த ஊராகக் கொண்ட மேஜர் செவாங் ரிஞ்சன் தலைமையில் வந்த படை துர்துக்கையும் அதை ஒட்டிய சலுங்கா, தியாக்ஷி, தாங் ஆகிய ஊர்களையும் கைப்பற்றியது. ரிஞ்சனுக்கு இரண்டாம் முறையாக மகாவீர் சக்ரா என்ற ராணுவ வீர விருது கிடைத்தது இந்தப் போரில்தான். ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை, வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே நாடு மாறிவிட்டது. அந்த நேரத்தில் வேலைக்கோ படிப்புக்கோ ஸ்கர்டு பக்கம் போயிருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. கணவன் அங்கே, மனைவி இங்கே. 2010 வரை வெளியார் வருவதற்கே அனுமதி கிடையாது.

இதையெல்லாம் முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம் உண்டு. வந்த ஐந்தாவது நிமிடத்தில் வீட்டுக்காரரிடம் “உங்களுக்கு இந்தியா பிடிக்குமா, பாகிஸ்தான் பிடிக்குமா” என்று கேட்கும் பயணிகள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். பிரிந்த சொந்தங்களைப் பற்றி அவர்களாகப் பேச்செடுத்தால் காது கொடுங்கள். இரண்டாம் நாள் இரவு, சாப்பாட்டுக்குப் பின் டீ குடிக்கும்போது அந்தப் பேச்சு தானாகவே வரக்கூடும்.

2. எந்த மாதம்

ஏப்ரலில் ஆப்ரிகாட் மரங்கள் பூக்கும். ஊரே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும், ஆனால் குளிர் குறைந்திருக்காது. ஜூலை, ஆகஸ்டில் பழம். கூரைகளிலும் பாறைகளிலும் பழத்தைப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். லடாக்கின் உயரமான ஊர்களில் ஆண்டுக்கு ஒரு போகம் விளைவதே பெரிது. துர்துக் தாழ்வான இடம் என்பதால் இரண்டு போகம்: முதலில் பார்லி, அதை அறுத்ததும் பக்வீட் என்ற தானியம். பக்வீட் பூத்திருக்கும் ஆகஸ்ட் மாதத்து வயல்களுக்காகவே போகலாம். செப்டம்பரில் கூட்டம் குறையும், வானம் தெளியும். ஒரு மாதத்தைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் செப்டம்பர் என்பேன்.

குளிர்காலத்தில், லேவிலிருந்து நூப்ராவுக்குப் போகும் வழியில் இருக்கும் கர்துங் லா கணவாய் பனியால் மூடுவதும் திறப்பதுமாக இருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு அந்தக் காலம் வேண்டாம்.

நாட்காட்டியில் இன்னொன்றையும் பாருங்கள். முஹர்ரம் இங்கே துக்கம் அனுசரிக்கும் மாதம். கடந்த சில ஆண்டுகளாக அது சுற்றுலாப் பருவத்திலேயே வருகிறது. 2024இலும் 2025இலும் அதன் பத்தாம் நாளான ஆஷூரா ஜூலையில் வந்தது. அந்த நாட்களில் போவதற்குத் தடை இல்லை. பாட்டு, சத்தம், அனுமதி கேட்காமல் ஊர்வலத்தைப் படம் பிடிப்பது ஆகியவற்றைத் தவிர்த்தால் போதும். ரமலான் என்றால் பகலில் சாப்பாடு கேட்டுத் தொல்லை கொடுக்காமல் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

3. தாள், பணம், போன்

நூப்ரா எல்லைப் பகுதி. இங்கே வர இந்தியக் குடிமக்களுக்குத் தேவைப்பட்ட உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பர்மிட்) விதிகளை 2021இல் தளர்த்தினார்கள். ஆனாலும் சுற்றுச்சூழல் கட்டணம் உண்டு, சோதனைச் சாவடியில் அதற்கான தாளைக் கேட்பார்கள். லே நிர்வாகத்தின் இணையதளத்தில் பதிவு செய்து பணம் கட்டி, நான்கைந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறும். லேவில் இறங்கியதும் தங்குமிடத்திலோ டாக்சிக்காரரிடமோ அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுவது நல்லது. அசல் ஆதார் அட்டையோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், அவர்கள் தமிழர்களே ஆனாலும், பதிவு பெற்ற முகவர் மூலம் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி வாங்க வேண்டும். சில நாட்டவருக்கு உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதலும் தேவைப்படும். டிக்கெட் போடுவதற்கு முன்பே முகவரிடம் விசாரித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் துர்துக்கில் வரும், போகும். குடும்பத்தில் ஒருவரிடம் போஸ்ட்பெய்டு இருந்தாலே போதும். “இரண்டு நாள் போன் வராவிட்டால் பயப்பட வேண்டாம்” என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐயை நம்ப முடியாது. டிஸ்கிட்டில் ஏடிஎம் உண்டு, ஆனால் அதில் எப்போதும் பணம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். முழுச் செலவுக்கும் லேவிலேயே ரொக்கம் எடுத்து, நூறு, இருநூறு நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவி எதுவும் கொண்டு போகக் கூடாது. அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். டிரோனையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

4. லேவில் சும்மா இருங்கள்

சென்னையிலிருந்து டெல்லி போய், அங்கிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகப் பறந்தால் லே. கடல்மட்டத்தில் தூங்கி எழுந்தவர் மறுநாள் 3,500 மீட்டர் உயரத்தில் நிற்பார். உடம்பு தடுமாறுவது இயல்பு. ஜிம்முக்குப் போகிறவருக்கும் வரும், இருபது வயதுக்காரருக்கும் வரும். தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். முதல் இரண்டு நாள் எங்கும் போகாதீர்கள். முதல் நாள் அறையைவிட்டு வெளியே வராமலிருந்தாலும் தப்பில்லை. தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள், மாடிப்படியைக்கூட மெதுவாக ஏறுங்கள்.

நிற்காத வாந்தி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் லேவின் எஸ்என்எம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உயரத்தால் வரும் இந்தத் தொல்லைக்கான டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

ஆறுதலான செய்தி ஒன்று: துர்துக் லேவைவிடத் தாழ்வானது, ஏறக்குறைய 3,000 மீட்டர்தான். லேவில் சரியாகத் தூங்காதவர் துர்துக்கில் நன்றாகத் தூங்குவார். நடுவில் இருக்கும் கர்துங் லாதான் கண்டம். அதன் உயரம் 5,359 மீட்டர். பல ஆண்டுகள் அங்கிருந்த பலகை 18,380 அடி என்று கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. சட்டைகளிலும் கோப்பைகளிலும் இன்னும் அந்த எண்தான். மேலே பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். பலகைக்கு முன் படமெடுக்க நீண்ட வரிசை நின்றால் விட்டுவிட்டு இறங்குங்கள்.

5. சாலை

லேயின் டாக்சி சங்கம் ஒவ்வொரு வழிக்கும் கட்டணத்தை அச்சிட்டு வைத்திருக்கிறது. “துர்துக்கில் இரண்டு இரவு நிறுத்தம்” என்று தெளிவாகச் சொல்லி மொத்தத் தொகையைக் கேளுங்கள். தனியாகப் போகிறவர்கள் ஷேர் டாக்சியில் டிஸ்கிட் வரை போய், அங்கிருந்து பேருந்தோ வேறு வண்டியோ பிடிக்கலாம். பேருந்து எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதை லே பேருந்து நிலையத்தில் நேரில் கேட்பதே நிச்சயம். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஒன்று: மணாலியிலோ ஸ்ரீநகரிலோ வாடகைக்கு எடுத்த வண்டியை லேவைத் தாண்டி ஓட்ட உள்ளூர் சங்கங்கள் விடுவதில்லை. லேவிலேயே வேறு வண்டி எடுங்கள்.

ஒரே நாளில் லேவிலிருந்து துர்துக் போய்விடலாம். ஆனால் டிஸ்கிட்டில் ஓர் இரவு தங்கிப் போவது உடம்புக்கு நல்லது. ஷ்யோக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் 32 மீட்டர் மைத்ரேய புத்தர் சிலை அங்கேதான். பெட்ரோல் பங்கும் அங்கேதான், அதைத் தாண்டினால் நம்பி நிரப்ப இடமில்லை. அடுத்து ஹுண்டரின் மணல்மேடுகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும். ஒட்டகச் சவாரி எனக்கு உவப்பில்லை, உங்கள் விருப்பம்.

ஹுண்டருக்கு அப்பால் சாலை குறுகி ஆற்றோடு ஒட்டிக்கொள்ளும். வழியில் வரும் போக்டாங், 1971 வரை இந்தப் பக்கத்தின் கடைசி ஊராக இருந்த பால்டி கிராமம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, சாலையைக் குறுக்கே வெட்டும் ஓடைகளில் பிற்பகலில் நீர் கூடும். பாலங்கள், ராணுவ முகாம்கள், சோதனைச் சாவடிகள் எதையும் படம் எடுக்காதீர்கள். வண்டிக்குள்ளிருந்து வீடியோ ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

6. இறங்கியதும்

வண்டி கீழே சாலையோரத்தில் நின்றுவிடும். ஊர் மேலே இருக்கிறது. சந்துகளில் ஆள்தான் நடக்கலாம். உருளும் பெட்டி இங்கே உதவாது, முதுகுப்பையில் அடங்குவதை மட்டும் கொண்டு வாருங்கள்.

ஓர் ஓடை ஊரைப் பிரிக்கிறது. யூல் பழைய பகுதி. மரப்பாலத்தைத் தாண்டினால் ஃபரோல், வயல்களுக்கு நடுவே தங்கும் வீடுகள் நிறைய இருக்கும் பகுதி. ஜூலை, ஆகஸ்டில் முன்பதிவு செய்துவிடுங்கள். மற்ற மாதங்களில் நேரில் நடந்து பார்த்து அறை பிடிக்கலாம். கேட்டுக்கொள்ள வேண்டியவை: வாடகையில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்தியா, வெந்நீர் எப்போது கிடைக்கும், கழிப்பறை எப்படிப்பட்டது. பேரம் பேசுவதானால் பை இறக்குவதற்கு முன் பேசுங்கள். என்னைக் கேட்டால், இவ்வளவு குறுகிய பருவத்தில் ஆண்டு வருமானம் தேடும் வீட்டில் இருநூறு ரூபாய்க்காக இழுபறி செய்ய வேண்டியதில்லை.

மின்சாரம் போகும். பவர் பேங்க், டார்ச் இரண்டும் தேவை.

7. சந்துகளில் நடக்கும்போது

துர்துக்கில் “பார்க்க வேண்டிய இடங்கள்” பட்டியல் சின்னது. பழைய மரமசூதி ஒன்று, அதில் மரவேலை நுட்பமானது. யாப்கோ அரச குடும்பத்தின் வீடு ஒன்று, இப்போது அருங்காட்சியகம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரே சுற்றிக்காட்டுவார். மத்திய ஆசியாவிலிருந்து வந்து கப்லுவையும் சுற்றுப்புறத்தையும் ஆண்டவர்கள் தங்கள் முன்னோர் என்று அவர்கள் சொல்கிறார்கள். கப்லு இன்று பாகிஸ்தான் பக்கம். ஃபரோலுக்கு மேலே ஒரு சிறு கோம்பா, அதாவது பௌத்த மடம். ஏறிப் போனால் ஊர் முழுக்கக் காலடியில் தெரியும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நங்சுங். கல்லை அடுக்கிக் கட்டிய குளிர் அறைகள் அவை. பாறை இடுக்குகளிலிருந்து வரும் குளிர்காற்று உள்ளே புகும்படி கட்டியிருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும் கோடையிலும் வெண்ணெயும் இறைச்சியும் உள்ளே கெடாமல் இருக்கும். இன்றும் பயன்பாட்டில் இருப்பவை, ஆகவே வீட்டுக்காரரைக் கேட்காமல் கதவைத் திறக்காதீர்கள்.

சந்து ஓரமாக ஓடும் வாய்க்கால் பாத்திரத்துக்கும் வயலுக்கும் போகும் தண்ணீர். யார் வயலுக்கு எப்போது பாயும் என்பதற்கு முறை இருக்கும். கால் கழுவுவது, சோப்புப் போடுவது, அடைத்திருக்கும் கல்லை நகர்த்துவது எதுவும் கூடாது. வரப்பில் நடக்கலாம், வயலில் இறங்கக் கூடாது. பக்வீட் பூவுக்கு நடுவில் நின்று படமெடுப்பவர்கள் மிதிப்பது ஒரு வீட்டின் குளிர்காலச் சாப்பாடு. ஆப்ரிகாட் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். எல்லா மரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. கேட்டால் கை நிறையத் தருவார்கள், கேட்காமல் பறித்தால்தான் வருத்தம்.

படம் எடுப்பதுதான் இங்கே பெரிய உரசல். பெண்கள் வயலில் குனிந்து வேலை செய்வார்கள், முதுகில் கூடையோடு சந்தில் வருவார்கள். தூரத்திலிருந்து லென்ஸ் வைத்து இழுப்பதும் கேட்காமல் எடுப்பதுதான். அவர்கள் முகத்தைத் திருப்பினாலோ துப்பட்டாவை இழுத்துக்கொண்டாலோ பதில் கிடைத்துவிட்டது என்று பொருள். உங்கள் குழுவில் பெண்கள் இருந்தால் அவர்கள் பேச்சுக் கொடுக்கட்டும். கதவுகள் அவர்களுக்குத்தான் முதலில் திறக்கும். குழந்தைகளுக்கு மிட்டாய், பேனா, பணம் கொடுத்துப் பழக்காதீர்கள்.

உடை விஷயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். சல்வார் மிகப் பொருத்தம். மசூதிக்குள் போகலாமா என்று வாசலில் கேளுங்கள்; பெண்களுக்கு அனுமதி இல்லை என்றால் வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மது கொண்டுவர வேண்டாம், அறைக்குள் குடிப்பதும் வேண்டாம். ப்ளூடூத் ஸ்பீக்கர் அதைவிட மோசம்.

வணக்கத்துக்கு “அஸ்ஸலாமு அலைக்கும்” சொல்லலாம். லடாக் முழுக்கச் செல்லும் “ஜூலே”வும் இங்கே புரியும். இந்தியும் உருதுவும் எல்லோருக்கும் வரும், இளைஞர்கள் ஆங்கிலமும் பேசுவார்கள். நம்முடைய தட்டுத்தடுமாறும் இந்தியைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள், அவர்களுக்கும் அது இரண்டாம் மொழிதான்.

8. சாப்பாடு

பருப்பும் சோறும் சப்பாத்தியும் எங்கும் உண்டு. பனீர் பட்டர் மசாலா கேட்டாலும் செய்துதரும் கடைகள் வந்துவிட்டன, கேட்காதீர்கள். காலையிலேயே வீட்டுக்காரரிடம் “ராத்திரிக்கு பால்டி சாப்பாடு வேண்டும்” என்று சொல்லி வையுங்கள், முன்னேற்பாடு தேவைப்படும். கிஸிர் என்பது பக்வீட் மாவில் சுடும் மெல்லிய தோசை போன்ற பண்டம். நமக்கு அந்நியமாகவே தெரியாது. தொட்டுக்கொள்ள வால்நட் அரைத்த மஸ்கோட்டும், தயிரில் பச்சிலை கலந்த சமிக்கும் வரும். சைவக்காரர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. உப்பும் வெண்ணெயும் போட்ட பயு சா என்ற டீயை முதல் மடக்கில் முடிவு செய்துவிடாதீர்கள். அது டீ என்பதை மறந்து சூப் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும்.

ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பு சில வகைகளில் இனிக்கும், சிலவற்றில் கசக்கும். கசப்பது சயனைடு உண்டாக்கும் பொருளால். கீழே கிடக்கும் கொட்டையை உடைத்துக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

9. தாங்

துர்துக்கிலிருந்து சில கிலோமீட்டரில் தியாக்ஷி, அதைத் தாண்டித் தாங். ராணுவம் அனுமதிக்கும் நாளில் மட்டுமே போகலாம், அடையாள அட்டை வேண்டும். அங்கே தொலைநோக்கி வைத்து எதிரே இருக்கும் கிராமத்தையும் மலைமேல் இரு பக்கத்துக் காவல் அரண்களையும் காட்டுவார்கள். தாங்கில் பலருக்கு அந்த எதிர் ஊரில் சொந்தம் உண்டு. கோஷம் போடவும் கொடி ஆட்டவும் அது இடமில்லை. காலையில் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள், ஒரு மணி நேரம் போதும்.

10. வாங்குவதும் திரும்புவதும்

உலர்ந்த ஆப்ரிகாட்டை வீடுகளிலேயே வாங்குங்கள். ரக்சே கார்போ என்ற வகையின் கொட்டை வெள்ளையாக இருக்கும், லடாக்கின் இந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆப்ரிகாட் எண்ணெயைத் தலைக்கும் தோலுக்கும் தேய்க்கிறார்கள். பாட்டிலை விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி வையுங்கள். பிஸ்கட் உறை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் உங்களோடு லேவுக்கே திருப்பிக் கொண்டு போங்கள்.

திரும்பும் நாளுக்கும் லேவிலிருந்து விமானம் ஏறும் நாளுக்கும் நடுவில் ஒரு முழு நாள் காலியாக விடுங்கள். மண்சரிவோ கர்துங் லாவில் பனியோ ஒரு நாளை விழுங்கிவிடும். வானிலை கெட்டால் லே விமானங்களும் ரத்தாகும். டெல்லியிலிருந்து சென்னை டிக்கெட்டைத் தனியாகப் போட்டிருந்தால், லே விமானம் தாமதமானதற்கு அந்த விமானம் காத்திருக்காது. முடிந்தால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள்.